காதுக்குக் கேக்காத சத்தத்த வச்சு டொர்னடோ எந்தப் பக்கம்னு பிடிக்கிறது

வேலூர்ல டொர்னடோ (தரையத் தொடுற சுழல்காத்து) எங்க வருதுன்னு கேப்பீங்க, நியாயம் தான், ஆனா அத பிடிக்கிற சென்சார் செட்டப்ல நம்ம கோடை இடி, கல் குவாரி வெடி எல்லாம் மாட்டும், பழகுறதுக்கு அது போதும். டொர்னடோ 20 ஹெர்ட்ஸுக்கும் (செகண்டுக்கு 20 அதிர்வு) கீழ, காதுக்கு எட்டாத சத்தம் போடும். 2017 மே மாசம் அமெரிக்காவோட ஓக்லஹோமா மாநிலத்துல பெர்கின்ஸ் ஊர் பக்கம் வந்த ஒரு சின்ன டொர்னடோவ சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி இருந்த யூனிவர்சிட்டி மைக்குங்க 8 ஹெர்ட்ஸ் பக்கத்துல பிடிச்சுது, அதுவும் உருவாகுறதுக்கு சில நிமிஷம் முன்னாடியே.

போன் மைக் வேலைக்கு ஆகாது, இவ்ளோ தாழ்ந்த சத்தத்த அதுவே வெட்டிடும். டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார் (ரெண்டு வாய்க்கும் நடுவுல உள்ள பிரஷர் வித்தியாசத்த அளக்கும்) வாங்கி ஒரு வாய வெளிக்காத்துக்கு விடுங்க, இன்னொரு வாய்ல மூடுன பாட்டில மாட்டுங்க, அந்த பாட்டில்ல ஊசி முனை அளவு ஓட்ட ஒண்ணு இருக்கணும், மெதுவா ஏறி இறங்குற வானிலை பிரஷர் அது வழியா சமமாயிடும். பாட்டில தெர்மாகோல்ல சுத்தி மண்ணுல புதைச்சிடுங்க, இல்லனா கத்திரி வெயில்ல உள்ள காத்து விரிஞ்சு ரீடிங் எங்கயோ ஓடும்.

உண்மையான தலைவலி காத்து தான். வெளி வாய்ல தண்ணி கசியுற தோட்டத்து ஹோஸ் நாலு மாட்டி நாலு பக்கமும் விரிச்சு விடுங்க, சின்ன சின்ன சுழல் எல்லாம் அதுக்குள்ளயே ஒண்ணோட ஒண்ணு அடிபட்டுப் போகும். மொட்டை மாடி வேணாம், மரம் செடி இருக்கற நிலம் தேவல.

இப்டி மூணு சென்சார், முக்கோணமா, 60 மீட்டர் இடைவெளி, ஒவ்வொண்ணுக்கும் ஜிபிஎஸ் நேரம், செகண்டுக்கு 100 ரீடிங். காத்து இரைச்சல் மூணுலயும் வேற வேற மாதிரி இருக்கும், நெசமான சத்தம் மூணுலயும் ஒரே அலையா கொஞ்சம் முன்ன பின்ன வரும், அந்த நேர வித்தியாசம் தான் எல்லாமே. நம்ம சூட்டுல சத்தம் செகண்டுக்கு 350 மீட்டர் போகும், ரெண்டு சென்சாருக்கு நடுவுல 0.1 செகண்ட் வந்தா 35ஐ 60ஆல வகுங்க, 0.58, இது சாய்வு கோணத்தோட சைன் (sin) மதிப்பு, அதாவது ரெண்டு சென்சாரையும் சேர்க்குற கோட்டுக்கு செங்குத்தான திசையில இருந்து 36 டிகிரி சாய்வு. முன்னாடியா பின்னாடியான்னு மூணாவது சென்சார் சொல்லும். காட்பாடி ரயிலும் ஹைவே லாரியும் கூட வரும், அதுங்க திசைய முதல்லயே குறிச்சு வச்சு கழிச்சிடுங்க.

ஒரு செட் திசை மட்டும் தான் சொல்லும். இடம் தெரியணும்னா வாலாஜா பக்கம் இன்னொரு செட் போட்டு மேப்ல ரெண்டு கோடும் வெட்டுற எடத்த பாருங்க, ஆனா ரெண்டுலயும் ஒரே நேரத்து ரீடிங்க எடுத்துடாதீங்க, 35 கிலோமீட்டர் தாண்டி வர சத்தத்துக்கு 100 செகண்ட் ஆகும்.