"முன் பிரேக்கைப் பிடிக்காதே": புதிதாக பைக் ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறுவதற்கு முன், மேடவாக்கத்துக்கு அப்பால் வீடுகள் இன்னும் எழும்பாத ஒரு மனைப்பிரிவின் தார்ச்சாலையில் பைக் பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்கள், ஓ.எம்.ஆர். அலுவலகங்களுக்குத் தினமும் வண்டியில் போய் வருகிறவர்கள். நானும் என் நண்பர்களும் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளை இவர்களும் ஒன்று விடாமல் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹெல்மெட் போடாதது, குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டிக்கொண்டே செல்போனில் பேசுவது, எதிர்த்திசையில் வருவது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். சரி என்று நம்பிச் செய்கிற தவறுகளே என் கவலை.

முன் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுவது

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான். "முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி அடித்துவிடும்" என்று அப்பாவோ மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ முதல் நாளே காதில் போட்டுவிடுகிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையால், வண்டியில் இருக்கும் பிரேக்கில் பாதியைக்கூடப் பயன்படுத்தத் தெரியாமல் பிள்ளை சாலைக்குப் போகிறான்.

பிரேக் பிடித்த கணமே வண்டியின் பாரம் முன்பக்கம் மாறுகிறது. முன் ஃபோர்க் அமுங்குகிறது. முன் டயர் சாலையை இன்னும் அழுத்திப் பற்றுகிறது. பின் டயரின் மேல் பாரம் குறைந்து அதன் பிடிப்பு தளர்கிறது. நிறுத்தும் விசையில் ஏறக்குறைய 70 சதவீதம், சில சமயம் அதற்கு மேலும், முன் சக்கரத்திலிருந்து வருவது இதனால்தான். பெரிய டிஸ்க்கை முன்னால் பொருத்துவதற்கும் இதுவே காரணம்.

அண்மையில் ஓர் இளைஞர் வந்தார். 150 சிசி வண்டி, டயரில் ரப்பர் முடிகூட உதிராத புதுசு. மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து, கூம்பு வைத்த இடத்தில் பிரேக் பிடித்து எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்தச் சொன்னேன். வலது கையின் விரல்கள் எல்லாம் ஆக்சிலரேட்டரைச் சுற்றி இறுகியிருந்தன. முன் பிரேக் லீவரின் மேல் ஒன்றுகூட இல்லை. பின் பிரேக்கைக் காலால் ஓங்கி மிதித்தார். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு கீச்சிட்டது, வண்டியின் வால் இடப்பக்கம் ஒதுங்கியது, கூம்பைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றார். டயர் தேய்ந்த கறுப்புக் கோடு கடைசியில் வளைந்திருந்தது. ஓரமாக நின்ற அவருடைய அப்பா, "நன்றாகத்தானே நிறுத்தினான்" என்றார். மகன் விழவில்லை, அது அவருக்குப் போதும். கோட்டின் நீளத்தைக் காலடியால் அளந்து காட்டி, இதில் பாதித் தூரத்தில் ஒரு லாரி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். சென்னையில் இருசக்கர வாகனங்களுக்குப் போக்குவரத்துக் காவல்துறை 2023-இல் அறிவித்த வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் போகிறோம். ஆபத்தைக் கண்டு கை அசைவதற்கே ஒரு நொடியாவது ஆகும். அதற்குள் ஒரு மாநகரப் பேருந்தின் நீளத்தைவிட அதிகத் தூரம் கடந்துவிடுகிறது. காய்ந்த சாலையில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் மேலும் 15 மீட்டர் அளவில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் இந்த 15 ஏறக்குறைய இரு மடங்காகும்.

அந்த இளைஞரின் வண்டியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருந்தது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். ஆனால் விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ்.; அது முன் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மட்டுமே பார்த்துக்கொள்ளும். காலை மட்டும் நம்புகிறவர் பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு, அவர் தொடாத லீவரில் சும்மா இருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டு போடுவதற்காகத்தான் இங்கே பெரும்பாலோர் வண்டி பழகுகிறார்கள். எட்டு போடும்போது நடை வேகம், ஹேண்டில் திரும்பியபடி இருக்கும், அரை கிளட்ச். அங்கே பின் பிரேக்தான் சரி; ஹேண்டிலை ஒடித்த நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி சாயத்தான் செய்யும். அந்த இடத்துக்கு மட்டும் பொருந்துகிற விதியை வேகச் சாலைக்கும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

முன் பிரேக் ஆளைத் தள்ளுவது மூன்று சமயங்களில்: ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, மணலிலோ எண்ணெயிலோ, வெடுக்கென்று பிடிக்கும்போது. முதல் இரண்டையும் கண்ணால் பார்த்துத் தவிர்க்கலாம். மூன்றாவதற்குப் பழக்கம் வேண்டும். இரண்டு விரலால், எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல, முதலில் மெல்ல. ஃபோர்க் அமுங்குவது கைக்குத் தெரிந்ததும் இன்னும் அழுத்தம். கூடவே பின் பிரேக்கும். வண்டி நேராக இருக்கட்டும், முழங்கால்கள் டேங்கைப் பற்றியிருக்கட்டும், பார்வை தூரத்தில் இருக்கட்டும். மணிக்கு 20-இல் தொடங்குங்கள். அங்கே கை தடுமாறாமல் வந்த பிறகே 30, பிறகு 40. இது அறிவால் வருவதில்லை. நாய் குறுக்கே ஓடும்போது யோசிக்க நேரம் இருக்காது, கைக்கு என்ன பழக்கமோ அதுதான் நடக்கும்.

ஸ்கூட்டரிலிருந்து கியர் வண்டிக்கு மாறும்போது

ஸ்கூட்டரில் இடது கை பிரேக்; பைக்கில் அதே இடத்தில் கிளட்ச். பதற்றத்தில் இடது கைதான் முதலில் இறுகும். அப்போது இன்ஜினின் தடையும் விடுபட்டு வண்டி தாராளமாக ஓடும். இன்னொன்று: இன்றைய ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சி.பி.எஸ். இருப்பதால் இடது லீவரைப் பிடித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து வேலை செய்கிறது. "எனக்குப் பின் பிரேக்கே போதும்" என்று சொல்கிறவர்கள் இதை அறிவதில்லை. பைக்குக்கு மாறிய முதல் சில வாரங்கள் நெரிசலான அண்ணா சாலையைத் தவிருங்கள். பிரேக் முதலில், நிற்கும் தறுவாயில் கிளட்ச் என்ற வரிசையை உள்தெருவிலேயே கைக்குப் பழக்குங்கள்.

மேம்பாலத்தில் நியூட்ரலில் இறங்குவது

மிச்சமாகும் பெட்ரோல் ஒன்றுமில்லை. கியரிலேயே இறங்குங்கள்.

பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது

கண் போகும் இடத்துக்கு வண்டி போகும். பள்ளத்தை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இருக்கும் வழியைப் பாருங்கள்.

பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழைவது

நிறுத்தத்துக்கு முன்பே நடுச்சாலையில் பஸ் வேகம் குறைக்கும்; இடப்பக்கம் இடைவெளி தெரியும். அதில் நுழைகிறவர் இரண்டு ஆபத்துக்கு நடுவே போகிறார். பஸ் எந்த நொடியும் இடப்பக்கம் ஒதுங்கலாம். படிக்கட்டிலிருந்து ஒருவர் எந்த நொடியும் குதிக்கலாம். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவர் கண்ணில் படமாட்டீர்கள். எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு இது இன்னும் பொருந்தும். திரும்பும்போது அவற்றின் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் வருவதில்லை, உள்பக்கமாக வெட்டி வருகின்றன. இடப்பக்கம் நிற்கிறவருக்கு ஒதுங்க இடமே இருக்காது. பின்னாலேயே நில்லுங்கள். ஹார்ன் அடிக்கிறவர் அடித்துக்கொள்ளட்டும்.

மழையில் மறுபடியும் காலுக்குத் திரும்புவது

நன்றாகப் பழகியவர்கள்கூட ஐப்பசி மழை தொடங்கியதும் முன் பிரேக்கை விட்டுவிடுகிறார்கள். ஈரத்தில் பின் சக்கரம் இன்னும் சுலபமாகப் பூட்டிக்கொள்ளும் என்பதால் இது இரட்டைத் தவறு. மழையிலும் இரண்டு பிரேக்தான். ஆனால் இன்னும் மென்மையாக, இன்னும் முன்கூட்டியே. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையில் வழக்கமாக விடும் இரண்டு நொடி இடைவெளியை நான்காக்குங்கள். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் கிளப்பிவிடுவதால் மிக வழுக்கலானது. மெட்ரோ பணி நடக்கும் சாலைகளில் பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, வெள்ளைக் கோடு ஆகியவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். வேகத்தை முன்பே குறைத்துக்கொண்டு நேராகக் கடந்துவிடுங்கள்.

டபுள்ஸ்

பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரத்தில் பாரம் கூடுகிறது. அப்போது பின் பிரேக்கை வழக்கத்தைவிடக் கூடுதலாக நம்பலாம். ஆனால் வண்டி நிற்கத் தூரம் அதிகம் வேண்டும், பின்னால் இருப்பவரும் உங்கள் முதுகில் வந்து சாய்வார். தனியாகக் கை பழகிய பிறகு, ஒரு நண்பரை ஏற்றிக்கொண்டு அதே கூம்புக்கு 20-இலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.