விசாரணைக் கைதிகளிடம் ஆய்வு செய்வது எப்படி: அனுமதி, மாதிரி, சம்மதம், நாள் கணக்கு

2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கு, இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். குற்றவியல், சட்டம், சமூகப் பணி படிப்பவர்கள் ஆய்வுக்கு விரும்பி எடுக்கும் தலைப்பு இது. சறுக்கும் இடங்களும் இதில் நிறைய. தமிழ்நாட்டு மத்திய சிறை ஒன்றில் நேர்காணல் நடத்தப் போகிறவரை மனதில் வைத்து எழுதியது இது. கிளைச் சிறைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சிறை ஆய்வில் அறநெறியைத் தனி அத்தியாயமாக ஒதுக்கி வைக்க முடியாது. பயந்தவர் மறைப்பார், ஜாமீன் கிடைக்கும் என்று நம்பியவர் நீங்கள் கேட்க விரும்புவதையே சொல்வார். அறத்தில் விட்ட ஓட்டை கடைசியில் தரவில்தான் தெரியும்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"விசாரணைக் கைதிகளின் பிரச்சினைகள்" என்பதை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. "ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வெளியே போக எத்தனை நாள் ஆகிறது, ஏன்?" என்பது ஆய்வுக் கேள்வி. இதற்கு இரண்டு தேதிகள் வேண்டும்: உத்தரவு தேதி, விடுதலை தேதி. காரணம் கேட்க ஒரு நேர்காணல் வேண்டும். ஜாமீன் கிடைத்து 7 நாளுக்குள் வெளியே போகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆகவே ஒப்பிட ஓர் அளவுகோலும் கையில் இருக்கிறது. தேதியாக மாற்ற முடியாத கேள்வியை முதல் ஆய்வுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

உள்ளே போகும் முன் வெளியே கிடைப்பதை எடுங்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் மாநில வாரி அட்டவணைகள் உள்ளன. தனி வழக்கின் நிலையை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வைத்துப் பார்க்கலாம். சிறை வாரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பெயர்ப் பட்டியல் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். வெற்று அட்டவணையை நீங்களே வரைந்து இணைத்து, எண்களை மட்டும் நிரப்பித் தரக் கேளுங்கள்.

அறிக்கை எண்களைக் கையாளும்போது ஒரு பொறி உண்டு. டிசம்பர் 31 கணக்கு அன்றைய இருப்பு மட்டுமே, ஆண்டு முழுக்க வந்துபோனவர்களின் கணக்கு அல்ல. ஒரு சிறைக்கு மாதம் 100 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். 90 பேர் 10 நாளில் ஜாமீனில் போகிறார்கள். 10 பேர் 300 நாள் இருக்கிறார்கள். எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே முதல் வகையினர் சுமார் 30 பேரும் இரண்டாம் வகையினர் சுமார் 100 பேரும் இருப்பார்கள். வருகிறவர்களில் 10 சதவீதமாக இருக்கும் நீண்ட நாள் கைதிகள், இருப்பில் 77 சதவீதம் ஆகிவிடுகிறார்கள். இருப்பிலிருந்து மாதிரி எடுத்துவிட்டு "கைதாகிறவர்களில் பெரும்பாலோர் மாதக் கணக்கில் உள்ளே இருக்கிறார்கள்" என்று எழுதினால் அது தவறு. புதிதாக வருகிறவர்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து, ஒரு குறிப்பிட்ட மாதத்தில் உள்ளே வந்த எல்லோரையும் எடுத்துப் பின்தொடர்ந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அனுமதி

முதலில் உங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் உடல்நலம் சார்ந்த ஆய்வுக்கானவை. இருந்தாலும் பல குழுக்கள் சமூக ஆய்வுக்கும் அவற்றையே அளவாக வைக்கின்றன. கைதிகளை எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களாகவே கருதுவார்கள் என்பதால், குறுக்கு வழி ஒப்புதலை எதிர்பார்க்காதீர்கள்; முழுக் குழுவின் முன் போங்கள். அறநெறிப் பகுதியில், மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைத்த 1971 ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. குழு கேட்கப்போவது வேறு: பேச மறுத்தவர் யார் என்று வார்டருக்குத் தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கும்? யாராவது உடைந்து அழுதால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

அடுத்தது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் தலைமையகம். கண்காணிப்பாளர் வாய்மொழியாகச் "சரி, வாங்க" என்றாலும் எழுத்து அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அவர் மாற்றலாகிப் போனால் ஆய்வு பாதியில் நிற்கும். ஆய்வுக்காகவும் நேர்காணலுக்காகவும் சிறைக்குள் வருவோர் பற்றி மத்திய உள்துறை அமைச்சகம் 2015 ஜூலையில் மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது. விண்ணப்பத்தை அதை ஒட்டியே பரிசீலிப்பார்கள். குழுவின் ஒப்புதல், நெறியாளர் கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும் வினாத்தாள், அடையாள அட்டை நகல், தேதிகள், எத்தனை கைதிகள், ஒருவருக்கு எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொடுங்கள். கால அட்டவணையில் இதற்கு மட்டும் மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள். ஒலிப்பதிவுக் கருவிக்கு அனுமதி கிடைக்காது என்று வைத்துக்கொண்டே வினாத்தாளை அமையுங்கள்: குறியீட்டுக் கட்டங்கள், நடுவே கையால் எழுத இடம்.

அனுமதிக் கடிதத்தில் "வெளியிடும் முன் துறைக்குக் காட்ட வேண்டும்" என்ற நிபந்தனை வரலாம். உண்மைப் பிழை திருத்தவா, முடிவுகளை மாற்றச் சொல்லவா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

நேர்காணல் நாளில் "நல்லாப் பேசுற பத்துப் பேரை அனுப்புறேன்" என்பார்கள். அது உதவி மனப்பான்மைதான். ஆனால் வந்து உட்காருகிறவர்கள் அலுவலக வேலை பார்ப்பவர்களாகவும் படித்தவர்களாகவும் இருப்பார்கள். தேர்வு உங்கள் கையில் இருக்க வேண்டும். பதிவேட்டில் 800 விசாரணைக் கைதிகள் இருந்து உங்களுக்கு 100 பேர் வேண்டுமென்றால், 1 முதல் 8 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வோர் எட்டாவது பெயரையும் எடுங்கள். 100 பேரில் பிழை வரம்பு (மாதிரியின் விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு) 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வரும். 5 சதவீதம் வேண்டுமென்றால் சுமார் 260 பேர் தேவை. தனியாளாகச் செய்ய முடியுமா என்று யோசியுங்கள்.

சிறையின் தொகுதி (பிளாக்) வாரியாக எடுப்பது சுலபம், ஆனால் ஆபத்து. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதி பார்த்துத் தனித்தனியே அடைத்தது நீதிமன்றம் வரை போன விஷயம். 2024 அக்டோபரில் சிறைகளில் சாதிப் பாகுபாட்டை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதைப் பேசுகிறது. அப்படிப் பிரிந்திருக்கும் இடத்தில் இரண்டு தொகுதிகளை மட்டும் எடுத்தால் மாதிரி முழுவதும் ஒரு பக்கம் சாயும். பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்கவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. எனவே சாதி உங்கள் ஆய்வுக்குத் தேவையென்றால், கைதி சம்மதித்துத் தானே சொல்வதையே பதிய வேண்டும், தேவையில்லையென்றால் கேட்காதீர்கள்.

தேர்ந்தெடுத்தவர் அன்று வாய்தாவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருந்தால் பக்கத்துப் பெயரை எடுக்காதீர்கள். அடிக்கடி வாய்தாவுக்குப் போகிறவருடைய வழக்கு நகர்கிறது, நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போக வழிக்காவல் போலீஸ் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவருடையது நகரவில்லை. நீங்கள் அளக்க வந்ததே அந்த வித்தியாசத்தைத்தான். இன்னும் இரண்டு முறை முயன்று பாருங்கள். பிறகும் கிடைக்காதவர்களின் எண்ணிக்கையைக் காரணத்தோடு அறிக்கையில் எழுதுங்கள்.

சம்மதம்

சம்மதப் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதுதான் நிறையப் பேர் செய்யும் முதல் தவறு. காவல் நிலையத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்ட அனுபவம் உள்ளே இருக்கும் பலருக்கு உண்டு. இன்னொரு தாளைக் கண்டால் கை பின்வாங்கும், அல்லது பயந்துபோய் எதற்கும் போட்டுவிடும். வாய்மொழிச் சம்மதத்துக்குக் குழுவிடம் முன்பே ஒப்புதல் வாங்கிவிட்டு, நீங்கள் மட்டும் தேதி போட்டுக் குறியுங்கள். சொல்ல வேண்டியது ஏறத்தாழ இப்படி:

"வணக்கம்ங்க. என் பேரு இது, இந்தக் காலேஜ்ல படிக்கிறேன். நான் போலீஸ் இல்ல, வக்கீல் இல்ல, ஜெயில் ஆபீஸ் ஆளும் இல்ல. உங்களைப் பிடிச்சதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் கோர்ட்டு, வாய்தா, ஜாமீன் எப்படி நடந்துச்சுன்னு மட்டும் கேப்பேன். கேஸ்ல சொல்ற சம்பவத்தைப் பத்திக் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேணாம். இதுல பேசறதால ஜாமீன் சீக்கிரம் வராது. பேச இஷ்டமில்லேன்னா ஒண்ணும் இல்ல, அதை நான் ஆபீஸ்ல சொல்ல மாட்டேன். நடுவுல எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம். மூணு விஷயம் மட்டும் நான் மறைக்க முடியாது: உயிரை விட்டுடணும்னு தோணுறது, தப்பிச்சுப் போற பேச்சு, குழந்தைகிட்ட யாராவது தப்பா நடந்தது. இப்ப நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். திருப்பிச் சொல்லும்போது "நீங்க மேல சொல்லி ஜாமீன் வாங்கித் தருவீங்க" என்றால் சம்மதம் இன்னும் வரவில்லை, மறுபடி விளக்குங்கள். மறுத்தவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தவர் மறுத்துவிட்டார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரிந்துவிடும். ஊர், குடும்பம் என்று பொதுவாகப் பேசிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து அனுப்புங்கள். அந்தப் பேச்சு எதையும் பதியக் கூடாது.

பிஸ்கட், பணம், பீடி எதுவும் வேண்டாம். எல்லோருக்கும், மறுத்தவருக்கும்தான், இலவசச் சட்ட உதவி எண் 15100 அச்சிட்ட சீட்டைக் கொடுக்க அனுமதி கேட்டு வைத்திருங்கள். காவலில் இருப்பவர் வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவிக்கு உரியவர். அது தெரியாதவர்கள் இருப்பார்கள்.

"ரகசியம்" என்று எவ்வளவு தூரம் சொல்லலாம்

வக்கீலுக்கு உள்ள தொழில் ரகசியப் பாதுகாப்பு இந்தியச் சட்டத்தில் ஆய்வாளருக்கு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ உங்கள் குறிப்பேட்டைக் கேட்கலாம். நீங்கள் போலீஸ் அல்ல என்பதாலேயே, உங்களிடம் ஒருவர் ஒப்புக்கொண்டது நீதிமன்றத்துக்கு வெளியே தந்த வாக்குமூலமாகச் சாட்சியத்துக்குள் வர இடம் உண்டு. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவோ, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காதது தனிக் குற்றம்.

முடியாத வாக்குறுதி என்ன செய்யும் என்பதற்கு பாஸ்டன் கல்லூரியின் வாய்மொழி வரலாற்று ஆய்வான பெல்ஃபாஸ்ட் திட்டம் இருக்கிறது. வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினர், தாங்கள் இறக்கும்வரை வெளியே வராது என்ற உறுதியை நம்பிப் பேசினார்கள். 2011இல் சம்மன் வந்தது. வழக்காடியும் சில பதிவுகள் காவல்துறையின் கைக்குப் போயின.

எனவே "எல்லாம் ரகசியம்" என்று சொல்லாதீர்கள். கேள்வியையே பாதுகாப்பாக வையுங்கள்: சம்பவம் கேட்காதீர்கள், நடைமுறை கேளுங்கள். பேச்சு சம்பவத்தின் பக்கம் திரும்பினால் பேனாவைக் கீழே வைத்து, "இது எனக்கு வேண்டாங்க, வக்கீல்கிட்ட சொல்லுங்க" என்று நிறுத்துங்கள்.

அடி, சித்திரவதை பற்றிச் சொன்னால் நேரே கண்காணிப்பாளரிடம் போய்விடாதீர்கள். நீங்கள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், சொன்ன கைதி அங்கேயே இருப்பார். யாரிடம் போக வேண்டும், போகலாமா என்று அவரையே கேளுங்கள். அவர் சரி என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பொருத்தமான இடம்.

பெயரை நீக்கினால் மட்டும் போதாது

காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு மூன்றும் ஒரே வரியில் இருந்தால் ஆளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடி எடுக்கலாம். தரவுக் கோப்பில் மூன்றையும் வைக்காதீர்கள். உங்கள் சொந்த வரிசை எண் மட்டும் போதும். பெயரையும் அந்த எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஒரே ஒரு தாளில், வேறொரு கட்டடத்தில், பூட்டுக்குள் இருக்கட்டும். தேதிகளை அப்படியே தராமல் "ரிமாண்ட் (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட) நாளிலிருந்து 41ஆம் நாள்" என்று மாற்றுங்கள். பெண்கள் சிறையில் எண்ணிக்கை சிறியது. "27 வயது செவிலியர், வரதட்சணை மரண வழக்கு" என்று எழுதினால் உள்ளூர்க்காரர்களுக்குப் போதும். அட்டவணையில் ஒரு கட்டத்தில் 5 பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேருங்கள்.

நாள் கணக்கு

குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் கிடைக்கும் ஜாமீனுக்கான 60 நாள் அல்லது 90 நாள், கைதான நாளிலிருந்து ஓடுவதில்லை. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து ஓடுகிறது. ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023இல் முடிவு செய்தது. கைது தேதியை வைத்தால் ஒன்றிரண்டு நாள் பிசகும், அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இந்த உரிமையே தங்கியிருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் வணிக அளவு என்றால் 180 நாள். அவற்றைத் தனியாகப் பிரியுங்கள். 2024 ஜூலை 1க்கு முந்தைய வழக்குகளில் பழைய சட்டத்தின் பிரிவு எண்கள் இருக்கும் என்பதால் இரண்டுக்கும் ஒரு பொதுக் குறியீடு வேண்டும்.

ஒருவருக்கு நான்கு வழக்குகள் இருந்து மூன்றில் ஜாமீன் வந்திருக்கலாம். வழக்கை ஒரு வரியாகவும் ஆளை ஒரு வரியாகவும் இரண்டு கோப்புகளில் வைக்காவிட்டால், "ஜாமீன் கிடைத்தும் போகவில்லை" என்ற கணக்கு வீங்கிவிடும். அதேபோல் உள்ளே இருக்கும்போதே குண்டர் சட்டம் பாய்ந்தால் அவர் தடுப்புக் காவல் கைதியாகிவிடுவார். அவர் விசாரணைக் கைதிப் பட்டியலிலிருந்து மறைந்ததை விடுதலை என்று குறித்துவிடாதீர்கள்.

இன்னும் உள்ளே இருப்பவரின் காலம் முடியவில்லை. அவரை இதுவரையிலான நாட்களோடு சராசரியில் சேர்த்தாலும் தவறு, விட்டுவிட்டாலும் தவறு. காலம் முடியாதவர்களையும் சேர்த்துக் கணக்கிடும் கப்லான்-மேயர் என்ற புள்ளியியல் முறையில் "முடிவு தெரியாதவர்" என்று குறித்து, இடைநிலை அளவை (பாதிப் பேர் வெளியே போக ஆகும் நாட்களை) கொடுங்கள். 900 நாள் இருந்த ஒரே ஒருவர் சராசரியை எங்கோ தூக்கிக்கொண்டு போய்விடுவார். இடைநிலை அளவு அசையாது.

கணக்கைச் சரிபார்த்து முடித்ததும், குழுவிடம் சொன்ன தேதியில் பெயர்ப் பட்டியலைக் கிழித்து அழித்து, அழித்த தேதியைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.