வேம்பநாட்டுக் காயலில் படகெடுக்கும் முன்

ஆலப்புழைக்குப் போய்ப் படகேற நினைப்பவர்கள் முதலில் வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். அந்தப் படகு எந்த நீர்வழியில் போகும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். பம்பை, மணிமலை, மீனச்சில், அச்சன்கோவில் ஆறுகள் காயலோடு கலக்கும் குட்டநாட்டில் அகன்ற நீர்ப்பரப்பும் உண்டு, தென்னை சாய்ந்து நிற்கும் ஒடுங்கிய வாய்க்கால்களும் உண்டு. தங்கும் அறைகள் கொண்ட ஹவுஸ்போட் வாய்க்காலுக்குள் நுழையாது. அதற்கு ஷிகாரா என்னும் கூரை போட்ட சிறு படகோ துடுப்பு வள்ளமோ வேண்டும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், காலை ஆறரை மணிக்கே சிறு படகு ஒன்றை மூன்று மணி நேரத்துக்குப் பேசிக்கொள்வது நல்லது. வெயில் ஏறுவதற்குள், வீட்டுப் படியில் பாத்திரம் தேய்ப்பவர்களையும், ஒற்றை வள்ளக்காரர் ஓட்டிச் செல்லும் வாத்துக் கூட்டத்தையும் கையெட்டும் தூரத்தில் காணலாம். கடல்மட்டத்துக்குக் கீழே பயிரிடும் ஊர் என்பதால், படகில் உட்கார்ந்தபடியே வரப்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தால் நெல்வயல் நாம் மிதக்கும் நீரைவிடத் தாழ்வாகக் கிடப்பது தெரியும்.

ஹவுஸ்போட் என்பது, ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்து நெல் ஏற்றிச் சென்ற பழைய கெட்டுவள்ளத்தின் வாரிசு. பெரும்பாலும் நண்பகலில் ஏற்றி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். இரவில் மீனவர்கள் வலை விரிப்பதால் மாலை ஐந்தரை மணியளவில் கரையில் கட்டிவிடுவார்கள். ஆகவே இரவெல்லாம் மிதந்துகொண்டே போகலாம் என்று எண்ணிப் பணம் கட்ட வேண்டாம். எங்கே கட்டுவார்கள், குளிர்சாதனம் எத்தனை மணி முதல் ஓடும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு ஆலப்புழையிலிருந்து கோட்டயம் செல்லும் அரசுப் படகு இருக்கிறது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் காயலையும் வாய்க்காலையும் அது காட்டிவிடும், கட்டணமும் மிகக் குறைவு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பயணத்துக்கு ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழையின்போது திறந்த காயலில் காற்று அலையைக் கிளப்பும் என்பதால், அந்த மாதங்களில் வாய்க்கால் பயணத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். உப்புநீர் வயலுக்குள் ஏறாதிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையை அடைத்திருக்கும் மாதங்களில் நீரோட்டம் மந்தமாகி ஆகாயத்தாமரை மண்டும். அப்போது படகோட்டி வழியை மாற்றினால் கோபிக்க வேண்டாம்.

2002 ஜூலையில் இதே காயலில் முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அதில் அளவுக்கு மீறிய கூட்டம் இருந்தது. எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டே ஏறுங்கள். உயிர்காப்பு அங்கியைப் புறப்படும் முன்பே கொக்கி மாட்டி அணிய வேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் கேட்டு வாங்குங்கள், பெரியவர்களுடையது தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். புகைப்படத்துக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். கரை வந்ததும் கயிறு கட்டி முடியும்வரை உட்கார்ந்தே இருங்கள். படகுக்கும் படித்துறைக்கும் இடையே கால் நசுங்குவது அந்த அவசரத்தில்தான்.