குடும்ப எஸ்.யூ.வி.யில் ட்ரெய்லர் இழுப்பது எப்படி? ஆஸ்திரேலியாவில் முதல்முறை இழுப்பவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் ட்ரெய்லர் இழுக்கத் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. சாதாரண கார் லைசென்ஸ் இருந்தால் போதும். நாளைக்கே ஒரு 'ஆறுக்கு நாலு' ட்ரெய்லரை (ஆறடி நீளம், நாலடி அகலம்) வாடகைக்கு எடுத்துத் தோட்டத்துக்கு மண் கொண்டுவரலாம், ஈஸ்டர் விடுமுறைக்குக் கேரவனை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகலாம். யாரும் தடுக்கமாட்டார்கள், யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவும் மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 'எல்' பலகையோடு ஓட்டப் பழகுபவர்கள் எதையும் இழுக்கக் கூடாது. லைசென்ஸின் முதல் கட்டத்தில் உள்ள சிவப்பு 'பி' பலகைக்காரர்கள் 250 கிலோவுக்கு மேல் வெற்று எடை உள்ள ட்ரெய்லரை இழுக்கக் கூடாது. மற்ற மாநிலங்களின் விதிகள் வேறு. உங்கள் மாநிலத்துக்கு உரியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் திறமையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் கருத்து வேறு. நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் நிலைதடுமாறுவதற்கான காரணம் பெரும்பாலும் வீட்டு டிரைவ்வேயில் சாமான் ஏற்றும்போதே உருவாகிவிடுகிறது. அதனால் எடைக் கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம்.

முதலில் காரின் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே பெயருள்ள கார் என்றால் ஒரே இழுவைத் திறன் என்று நினைக்காதீர்கள். 2019-இல் வந்த தலைமுறை டொயோட்டா ராவ்4 ஹைபிரிடை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ளது பிரேக் வைத்த ட்ரெய்லரை 1,500 கிலோ வரை இழுக்கும். இரு சக்கர இயக்கம் உள்ளதற்கு 480 கிலோதான் வரம்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் அதே காரில் கேரவன் இழுக்கிறாரே என்று நீங்களும் மாட்டிவிடக் கூடாது.

கையேட்டில் மூன்று எண்களைத் தேடுங்கள். பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு எவ்வளவு, பிரேக் இல்லாததற்கு எவ்வளவு, டோ பாலின் மேல், அதாவது ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையின் மேல், கீழ்நோக்கி அழுத்தக்கூடிய எடை எவ்வளவு. அப்புறம் அந்த உருண்டையைத் தாங்கும் டோ பாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டையும் படியுங்கள், அதிலும் ஒரு வரம்பு எழுதியிருக்கும். கையேடும் தகடும் சொல்வதில் எது சிறியதோ அதுவே உங்கள் வரம்பு.

காருக்குள் எவ்வளவு ஏற்றுகிறீர்கள்?

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. கேரவன் டோ பாலை அழுத்தும் எடை முழுவதும் காரின் சுமைக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் காரின் ஜி.வி.எம்., அதாவது கார் எல்லாச் சுமையோடும் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை, 2,700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு டேங்க் எரிபொருளோடு வெறுங்கார் 2,050 கிலோ. மிச்சம் 650 கிலோ. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூட வரும் பாட்டி எல்லோருமாக 290 கிலோ. பெட்டிகள், அரிசி மூட்டை, குக்கர், ஐஸ் பெட்டி எல்லாம் 120. பிறகு பொருத்திய டோ பார் 40. கூரைப் பெட்டியும் அதில் உள்ளதும் 50. ஆக 500 ஆகிவிட்டது, இன்னும் 150 கிலோதான் இடமிருக்கிறது. 1,600 கிலோ கேரவன் டோ பாலை ஏறக்குறைய 160 கிலோ அழுத்தும். வரம்பு தாண்டிவிட்டது! இந்தக் கார் 2,000 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் சொன்னாலும், இந்தக் குடும்பத்துக்கு 1,600 கிலோவே அதிகம்.

இதற்குத் தீர்வு பெரிய கார் வாங்குவதுதான் என்றில்லை. கூரைப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டால் இந்தக் கணக்கு சரியாகிவிடும்.

இன்னொரு எண் ஜி.சி.எம். காரும் ட்ரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடை அது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வரம்புக்குள் இருக்கும், கூட்டினால் இது தாண்டிவிடலாம். அதையும் கூட்டிப் பாருங்கள். வரம்பு மீறிய சுமையோடு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சந்தேகம்தான்.

ட்ரெய்லரின் தகடு சொல்வது

ட்ரெய்லரின் முன்பகுதியில் ஒரு உலோகத் தகடு இருக்கும். அதில் 'டேர்' என்பது வெற்று எடை. 'ஏ.டி.எம்.' என்பது சுமையோடு சேர்த்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது.

வாடகைக்குக் கிடைக்கும் பிரேக் இல்லாத சின்ன ட்ரெய்லரின் ஏ.டி.எம். பெரும்பாலும் 750 கிலோ. வெற்று எடை 250 என்றால் 500 கிலோ ஏற்றலாம். இப்போது தோட்ட மண்ணைப் பாருங்கள். ஆறடிக்கு நாலடி தொட்டியை ஒரு அடி உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 0.7 கன மீட்டர். ஈரமான மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன் வரை இருக்கும். அப்படியானால் தொட்டியில் இருப்பது ஒரு டன், அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு. தொட்டி நிரம்பவில்லையே என்று கண்ணை நம்பாதீர்கள். மண், மணல், ஜல்லி என்றால் பாதிக்கும் கீழே நிறுத்திவிட்டு இரண்டு நடையாகப் போய்வருவதுதான் சரி.

பிரேக் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மாட்டிய நிலையில் ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதை இயக்க முடிய வேண்டும், ட்ரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டியில் சுமை ஏற்றியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும், வண்டி கட்டுக்கு அடங்காது. ட்ரெய்லரிலும் அதே விதிதான். பின்பக்கம் கனம் கூடினால் முன்பக்கம் காரின் பின்புறத்தை மேலே தூக்கும், வேகம் ஏறும்போது ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும்.

கனமான பொருள்களை அச்சுக்கு நேர் மேலேயும், அதற்குச் சற்று முன்னாலும், தரையோடு ஒட்டியும் வையுங்கள். இலேசானவை மேலேயும் ஓரங்களிலும் போகட்டும். சுமையோடு உள்ள ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு டோ பாலில் அழுத்தினால் நல்லது. மிகக் குறைந்தால் ட்ரெய்லர் ஆடும். மிகக் கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரங்கள் இலேசாகிவிடும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது.

கேரவனில் தண்ணீர்த் தொட்டிகளை மறக்காதீர்கள். 80 லிட்டர் தொட்டிகள் இரண்டு நிரம்பினால் 160 கிலோ. அவை அச்சுக்குப் பின்னால் இருந்தால் கணக்கே மாறிவிடும். கேரவனின் பின்புறச் சட்டத்தில் இரண்டு மிதிவண்டிகளைத் தொங்கவிடுவதையும் நான் விரும்புவதில்லை. எடை குறைவாக இருந்தாலும் அது இருக்கும் இடம் மோசமான இடம்.

டோ பாலில் அழுத்தும் எடையை வீட்டிலேயே அளக்கலாம். சமதளத்தில் ட்ரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுங்கள். குளியலறைத் தராசைக் கப்ளிங்குக்கு (டோ பாலைக் கவ்வும் ட்ரெய்லரின் முன்முனை) கீழே வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்துங்கள். ட்ரெய்லர் மட்டமாக இருக்கும்படி கட்டையின் உயரம் அமைய வேண்டும். ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலை மெதுவாக மேலே சுற்றி, எடை முழுவதும் கட்டையில் இறங்கியதும் எண்ணைப் படியுங்கள். பெரிய கேரவனுக்குத் தராசு தாங்காது, அதற்கென்று விற்கும் எடை அளக்கும் கருவி வாங்குங்கள். மொத்த எடைக்குப் பொது எடைமேடைக்குப் போங்கள். பயணத்துக்கு ஏற்றிய அதே சாமானோடு, ஆட்களும் உட்கார்ந்திருக்கும்போது நிறுத்திப் பார்ப்பதில்தான் பயன்.

மாட்டும் முறை

1. ட்ரெய்லருக்கு ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக்கி வீலைச் சுற்றிக் கப்ளிங்கை டோ பாலுக்கு மேலே உயர்த்துங்கள்.
2. காரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுங்கள். நடுவில் யாரும் நிற்க வேண்டாம். வழிகாட்டுபவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் பக்கவாட்டில் நிற்கட்டும்.
3. கப்ளிங்கை டோ பாலின் மேல் இறக்கிப் பூட்டுங்கள்.
4. ஜாக்கி வீலை மறுபடி சில சுற்றுகள் சுற்றுங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து மேலே வந்தால் பிடித்திருக்கிறது. கப்ளிங் மட்டும் மேலே வந்தால் பிடிக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.
5. சேஃப்டி செயினை, தாங்கும் எடை குறித்த ஷேக்கிளால் (லாட வடிவ இரும்பு வளையம்) மாட்டுங்கள். 2,500 கிலோ ஏ.டி.எம். வரை ஒரு செயினாவது வேண்டும், அதற்கு மேல் இரண்டு. இரண்டு இருந்தால் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காக மாற்றிப் போடுங்கள். கப்ளிங் கழன்றாலும் அது தரையில் குத்தாமல் செயின்கள் ஏந்திக்கொள்ளும். வளைவில் திரும்பத் தேவையான தொய்வு இருக்கட்டும், தரையில் உரசக் கூடாது.
6. மின் பிளக்கைச் செருகி, ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் பிரேக்அவே கேபிள் இருந்தால் அதைக் காரோடு இணையுங்கள்.
7. ஜாக்கி வீலை முழுவதும் தூக்கிக் கட்டுங்கள் அல்லது கழற்றி உள்ளே வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

டயரைக் காற்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். ட்ரெய்லர் மாதக்கணக்கில் சும்மா நிற்பதால் பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெடிப்புகள் தெரிந்தாலோ வயது கூடியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் பக்கக் கண்ணாடிகளுக்கு நீட்டிப்பும் வேண்டும்.

சாலையில்

ஆள் யாரும் கேரவனுக்குள் உட்கார்ந்து வரக் கூடாது, பிள்ளை தூங்குகிறது என்றாலும் கூடாது.

நிற்க அதிகத் தூரம் ஆகும், அதனால் முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். கார், ட்ரெய்லர் சேர்ந்த நீளம் 7.5 மீட்டரைத் தொட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் நீள வாகனம். தெருவிளக்கு இல்லாத, திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள நெடுஞ்சாலையில் முன்னால் லாரியோ இன்னொரு கேரவனோ போனால், முந்தும்போது தவிர, 60 மீட்டராவது பின்தங்கி இருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பலகை 110 என்று சொன்னாலும் இழுத்துக்கொண்டு போகும்போது 100 கிலோமீட்டர்தான் உச்சம். நான் எல்லா மாநிலத்திலும் 90-ஐ ஒட்டியே போகச் சொல்வேன். பின்னால் வரிசை சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

இறக்கத்தில் மேலிருந்தே கியரைக் குறைத்துவிடுங்கள். கான்பெராவிலிருந்து பேட்மன்ஸ் பே போகிறவர்களுக்கு கிளைட் மலை இறக்கம் தெரியும். செங்குத்தான, வளைவுகள் நிறைந்த பாதை. அங்கே பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைத்திருக்கட்டும், பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விடுங்கள்.

பெரிய லாரி கடந்துபோகும்போது அதன் காற்று முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும். ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை இப்போதே மனதில் பதித்துவையுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். கார் பிரேக்கைப் பலமாக மிதிக்காதீர்கள். மின் பிரேக் இருந்தால், டாஷ்போர்டில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியைக் கையால் இயக்கி ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள். அது காரைப் பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். நின்றதும் சுமையை மாற்றி அடுக்காமல் மறுபடி கிளம்பாதீர்கள்.

கிளம்பி அரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி, செயின், கயிறுகள், கப்ளிங் எல்லாவற்றையும் பாருங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பேரிங்கோ பிரேக்கோ கோளாறு. படகு ட்ரெய்லர்களுக்கு இது அடிக்கடி வரும், ஏனென்றால் சக்கரம் தண்ணீரில் முங்குகிறது.

பின்னால் எடுப்பது

காலியான கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஞாயிறு காலை பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள். கையை இடது பக்கம் நகர்த்தினால் ட்ரெய்லர் இடது பக்கம் போகும், வலமென்றால் வலம். கொஞ்சமாகத் திருப்புங்கள், மெதுவாகப் போங்கள், மடங்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி முன்னால் போய் நேராக்குங்கள். குட்டி ட்ரெய்லர் சட்டென்று மடங்கும், நீளமான கேரவன் நிதானமாகத் திரும்பும். அதனால் சின்னதில் வரவில்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம்.

கழற்றும்போது

வந்து சேர்ந்த களைப்பில் இங்கேதான் அவசரப்படுவோம். முதலில் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டு, ட்ரெய்லருக்கு ஹேண்ட்பிரேக், ஜாக்கி வீல் தரையில். அதற்குப் பிறகுதான் பிளக், பிரேக்அவே கேபிள், செயின், கடைசியாகக் கப்ளிங். முகாம் இடம் கொஞ்சம் சரிவாக இருந்தாலும், முட்டுக்கொடுக்காமல் செயினைக் கழற்றினால் கேரவன் தன்பாட்டில் உருள ஆரம்பிக்கும். பிள்ளைகள் அதுவரை காருக்குள்ளேயே இருக்கட்டும்.