மட்டி உயிரோடுதானே இருக்கிறது?

ராமநாதபுரம் கரையில் கடல் பச்சையானால் ஊருக்கே தெரிந்துவிடும். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் பூங்கோரை வந்து மீன்கள் செத்து ஒதுங்கியபோது அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வற்றிக்கொண்டிருக்கும் ஒரு கண்மாய் பச்சை பெயின்ட் கொட்டியது போல் ஆனால் மட்டும், 'பாசி பிடிச்சிருக்கு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சேற்றுக்குள் கிடக்கும் மட்டி என்ற நன்னீர்ச் சிப்பி நினைவுக்கு வருவது குழம்பு வைக்கும்போதுதான்.

இரண்டு பச்சையும் ஒன்று என்று நினைப்பது முதல் தவறு. பூங்கோரை என்பது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி. அமோனியாவும் ஆக்சிஜன் குறைவுமே அதனால் வரும் பெரிய கேடு. கண்மாயில் வருவது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசி. பேர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. அதில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சை உண்டாக்கும். தினமும் குடிக்கும் நீரில் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்தப் பச்சையில் நஞ்சு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது, எல்லோரும் செய்வது: 'மட்டி உயிரோடு இருக்கிறது, அப்புறம் என்ன?' மட்டி ஒரு நாளில் பல லிட்டர் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டித் தின்னும். பிடிக்காததைச் சளியில் சுருட்டித் துப்பும், ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். ஆனால் எத்தனை நாள் மூடிக்கொண்டிருக்க முடியும்? திறந்தாக வேண்டும். உள்ளே போன மைக்ரோசிஸ்டின் அதன் செரிமானச் சுரப்பியில் சேர்ந்துகொண்டே இருக்கும். மட்டிக்கு அதைத் தாங்கும் உடம்பு இருக்கிறது, நமக்கு இல்லை.

ஒரு ராத்திரி நல்ல தண்ணீரில் போட்டு மண் கக்க வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். மண் போகும். நஞ்சு வெளியேற வாரக்கணக்கில்கூட ஆகலாம். கொதிக்க வைத்தாலும் அழியாது, சாற்றில் இறங்கிவிடும். கடல் சிப்பியில் சேரும் நஞ்சு வேறு என்றாலும் அதுவும் சமையலுக்கு மசியாது. 1997-ல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தது அப்படித்தான்.

கரையில் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டு வருவதும் ஏமாற்றும். மைக்ரோசிஸ்டிஸ் மிதக்கும், காற்று அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும். நாரை பறக்காத 48 மடை என்று பேரெடுத்த ராஜசிங்கமங்கலம் கண்மாய் மாதிரி நீளமான நீர்ப்பரப்பில் ஒரு மடையில் தெளிந்த தண்ணீரும் இன்னொன்றில் பெயின்ட்டும் கிடக்கலாம்.

செத்த மட்டி மிதந்தால் உடனே விஷம் என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது மூச்சுமுட்டிச் செத்தது. பாசி ராத்திரியில் ஆக்சிஜனை இழுக்கும், செத்து அழுகும்போது இன்னும் அதிகம் போகும். விடியலுக்கு முன்னால்தான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். மட்டி எங்கே போகும்?

எனக்கு மிகவும் கோபம் வருவது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) விஷயத்தில். பச்சையைப் பார்த்ததும் வாங்கிவந்து கரைத்து ஊற்றுகிறார்கள். பாசி சாகும், இரண்டே நாளில் தண்ணீர் தெளியும், ஊற்றியவருக்கு நல்ல பேரும் கிடைக்கும். ஆனால் செல்கள் உடைந்து உள்ளே இருந்த நஞ்செல்லாம் ஒரே வீச்சில் தண்ணீரில் கலக்கிறது. பச்சை இருந்தபோது ஒதுங்கி நின்ற ஆடு மாடு இப்போது தைரியமாக வாய் வைக்கும். போதாததற்கு, மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரமே மட்டிக்கு ஆகாது, குஞ்சு மட்டிக்குச் சுத்தமாக ஆகாது. வயலிலிருந்து வடியும் உரத்தண்ணீரும் கழிவுநீரும் நிற்காதவரை பச்சை திரும்ப வரும். மட்டி திரும்ப வருமா என்பது சந்தேகம்.

ஏனென்றால் கண்மாய் மட்டியின் இளம்பருவம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டுதான் வளரும். மீன் செத்தால் மட்டிக்கு அடுத்த தலைமுறை இல்லை. பெரிய மட்டிகள் பல வருடம் வாழும் என்பதால் இந்த இழப்பு உடனே தெரியாது. கண்மாய் வற்றி மீன் பிடிக்க இறங்கும்போது சேற்றைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். உள்ளங்கை அளவு ஓடுகள்தான் கிடைக்கின்றன, விரல்நக அளவில் ஒன்றுகூட இல்லையென்றால், அங்கே குஞ்சு பிழைத்துச் சில வருடம் ஆகியிருக்கும்.