குழந்தைகளுடன் வால்பாறைக்குச் செல்வோர் கவனத்திற்கு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், ஆழியாற்றைக் கடந்ததும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள் சிறு குழந்தைகளுக்குக் குமட்டலை உண்டாக்கக்கூடும். ஆகையால், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இட்லி போன்ற எளிய உணவைக் கொடுத்துவிட்டு, வண்டியில் கைப்பேசியைக் கையில் தராமல், தொலைவிலுள்ள மலைமுகடுகளைப் பார்த்து வரச் சொல்லுங்கள். 9ஆவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையில் சற்று நேரம் நிறுத்தினால், கீழே விரியும் ஆழியாறு அணையைக் காட்டலாம். அப்பகுதியில் சில வேளைகளில் வரையாடுகளும் தென்படும்.

ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே இயற்கையில் எங்கும் வாழாத சிங்கவால் குரங்குகளை மிக அருகில் காண முடிகிறது; குழந்தைகளுக்கு இதைவிடச் சிறந்த காட்சி இங்கு வேறில்லை என்பது என் கருத்து. அவை சாலையைக் கடப்பதற்காக மரங்களுக்கிடையே கட்டப்பட்டுள்ள தொங்குபாலங்களையும் காட்டுங்கள். ஆனால் ஒரு பிஸ்கட் கூடக் கொடுக்கவிடாதீர்கள், ஏனெனில் தீனிக்காகச் சாலைக்கு இறங்கிப் பழகும் குரங்குகள் வாகனங்களில் அடிபட்டு இறக்கின்றன.

தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தையும் யானையும் நடமாடுவதால், பொழுது சாயும் முன்பே குழந்தைகளை அறைக்கு அழைத்து வந்துவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழையும் அட்டைகளும் இருக்குமென்பதால், சிறு குழந்தைகள் உள்ளோர் அம்மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.