மலைநாட்டுக்கு புதுசா வந்தவங்க லீவுக்கு ஊருக்குப் போக: பட்ஜெட் பிளைட்டா, பெரிய எயார்லைனா?

கண்டி, ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் வேலை கிடைச்சோ கல்யாணம் முடிச்சோ தமிழ்நாட்டுல இருந்து வந்து குடும்பமா குடியேறியிருக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். வீடு பாத்து, புள்ளைங்கள ஸ்கூல்ல சேத்து, குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கி ஒருவழியா செட்டில் ஆனதும் மொத லீவு வந்துடும், உடனே எல்லாரும் போன்ல டிக்கட் தேட ஆரம்பிப்பாங்க, ஆகக் குறைஞ்ச விலை எதுவோ அத தட்டி புக் பண்ணிடுவாங்க. கொழும்புல இருக்கிறவங்களுக்கு அது சரியா வரும். நமக்கு அப்படி இல்ல. மலையில இருக்கிறவங்களுக்கு டிக்கட் விலை வீட்டு வாசல்ல இருந்தே ஆரம்பிக்குது, அதனால விலையப் பாக்க முன்னாடி பிளைட் எத்தனை மணிக்குன்னு பாருங்க.

கட்டுநாயக்க ஏயார்போட்டுக்கு கண்டியில இருந்து மூணு மூணரை மணித்தியாலம், ஹட்டன்ல இருந்து நாலுக்கு மேல, நுவரெலியால இருந்து அஞ்சு ஆறு, பதுளைன்னா அதுக்கும் மேல ஆகும். இதெல்லாம் ரோடு நல்லா இருக்கிற நாள் கணக்கு. கவுண்டர் அனேகமா பிளைட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே மூடிடும், அதுக்கு ரெண்டு மணித்தியாலம் முந்தியே நீங்க அங்க நிக்கணும். இப்ப விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு மலிவு பிளைட் இருக்குன்னு வச்சுக்கங்க, நுவரெலியால இருந்து ராத்திரி எட்டு மணிக்கே கிளம்பணும், அந்த நேரம் பஸ்ஸ நம்ப முடியாது, வேன்தான் ஹயர் பிடிக்கணும், ராத்திரி ஹயர்னா கூலியும் கூடும். இல்லாட்டி முந்தின நாளே இறங்கி ஏயார்போட் பக்கத்துல நீர்கொழும்பிலயோ சீதுவையிலயோ ரூம் போடணும். நாலு டிக்கட்டுல மிச்சம் பிடிச்ச காசு அங்கயே கரைஞ்சு போயிடும்.

காச விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, தயவுசெய்து இத லேசா எடுக்காதீங்க. றம்பொடை வளைவுலயும் கினிகத்தேனை இறக்கத்துலயும் ராத்திரி மிஸ்ட் இறங்கினா முன்னால போற வாகனத்தோட லைட் கூட தெரியாது. நடுச்சாமத்துல வந்து இறங்குற பிளைட்டுன்னா நிலைமை இன்னும் மோசம், ஏன்னா உங்கள கூட்டிட்டு வர்ற டிரைவர் பகல் பூரா வேற ஹயர் ஓடிட்டு, ஏயார்போட்ல காத்துக் கிடந்துட்டு, தூக்கக் கண்ணோட உங்க புள்ளைங்கள வச்சுக்கிட்டு கண்டி ரோட்டுல இருக்கிற கடுகண்ணாவ மலை ஏத்தத்துல ஏறுவாரு. காலையில பத்து மணிக்கு வந்து இறங்குற பிளைட்டுக்கு கொஞ்சம் கூட குடுத்தாலும் குடுங்க, பகல் வெளிச்சத்துல வீடு வந்து சேரலாம்.

சரி, பட்ஜெட்னா என்ன, பெரிய எயார்லைன்னா என்னன்னு பாப்போம். பெரிய கம்பனி டிக்கட்டுல வழக்கமா பெட்டி, சாப்பாடு எல்லாம் உள்ளுக்கே இருக்கும், ஆனா அவங்களும் இப்ப பல வித டிக்கட் விக்கிறாங்க, எதுல என்ன இருக்குன்னு வாசிச்சுத்தான் வாங்கணும். பட்ஜெட்ல அனேகமா சீட்டுக்கு மட்டும்தான் விலை, பெட்டி, சாப்பாடு, சீட் தெரிவுன்னு பலதுக்கும் தனித்தனியா காசு கேப்பாங்க, கம்பனிக்குக் கம்பனி மாறும். சில கம்பனி ஒன்லைன்ல செக்-இன் பண்ணாம கவுண்டருக்குப் போனா அதுக்கும் கேப்பாங்க.

சென்னைக்கு மட்டும் போறவங்களுக்கு இந்த வித்தியாசம் பெருசா இல்ல. ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ள முடியிற பயணம், சாப்பாடு இல்லாட்டி என்ன, கையில புளிச்சோறு கட்டிட்டுப் போனா போச்சு. சென்னைக்குப் பறக்குற இண்டிகோ பட்ஜெட் கம்பனின்னாலும் இந்தியாவுலயே ஆகப் பெரிய எயார்லைன் அதுதான். அதுக்காக பெருசா இருந்தா பிரச்சினையே வராதுன்னும் நினைக்க வேணாம், 2025 டிசம்பர் தொடக்கத்துல விமானிகளோட புது ஓய்வு நேர விதிக்கு ஆள் பத்தாம அவங்களே ஆயிரக்கணக்கான பிளைட்ட ரத்து பண்ணாங்க.

ஆனா உங்க சொந்த ஊரு தஞ்சாவூரோ புதுக்கோட்டையோ ராமநாதபுரமோன்னா சென்னைக்கு மலிவா கிடைக்குதுன்னு போகாதீங்க. ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸ் திருச்சிக்கும் மதுரைக்கும் நேராவே பறக்குது. சென்னையில இறங்கி பெட்டியத் தூக்கிக்கிட்டு எழும்பூர் போய், லீவு நேரத்துல ரிசர்வேஷன் கிடைக்காம பஸ்ஸுல ராத்திரி பூரா உக்காந்து போறதோட செலவையும் களைப்பையும் கூட்டிப் பாருங்க, நேர் பிளைட் விலை கூடவா தெரியாது. யாழ்ப்பாணத்துல இருந்தும் சென்னைக்கும் திருச்சிக்கும் இண்டிகோ விட்டிருக்காங்க, ஆனா கண்டியில இருந்து யாழ்ப்பாணம் போக ஏழெட்டு மணித்தியாலம் ஆகும், அங்க சொந்தக்காரங்க இருந்தாத் தவிர நமக்கு அது தோதுப்படாது.

கைப்புள்ள இருக்கிறவங்க இத கவனிங்க. ரெண்டு வயசுக்கு குறைஞ்ச புள்ளைக்கு மடியில வச்சுக்கிட்டு போறதுக்கு பெரிய எயார்லைன்ல பெரியாள் விலையில ஒரு சின்னப் பங்குதான் எடுப்பாங்க, பட்ஜெட்ல ஒரே நிலையான கட்டணம் இருக்கும், ஒஃபர் டிக்கட்டா இருந்தா சில வேளை புள்ளையோட கட்டணம் உங்க டிக்கட்டுக்கே கிட்ட வந்துடும். ரெண்டு வயசு தாண்டிட்டா பட்ஜெட்ல முழு டிக்கட், பெரிய எயார்லைன்ல பதினோரு வயசு வரைக்கும் அனேகமா கழிவு (தள்ளுபடி) இருக்கும். ஊர்ல நிக்கும்போது புள்ளைக்கு ரெண்டாவது பிறந்தநாள் வந்தா திரும்பி வர்றதுக்கு தனி சீட் வாங்கணும், இத பல பேரு ஏயார்போட்லதான் தெரிஞ்சுக்கிறாங்க. சீட்டுக்கு காசு கட்டலன்னா குடும்பத்தப் பிரிச்சு உக்கார வச்சுடுவாங்களோன்னு பயப்படுறவங்களுக்கு: பன்னெண்டு வயசு வரைக்குமான புள்ளைங்கள அதே புக்கிங்ல இருக்கிற அம்மா அப்பாவுல ஒருத்தர் பக்கத்துலயாவது உக்கார வைக்கணும்னு 2024 ஏப்ரல்ல இந்திய விமானத் துறை அங்கத்த எயார்லைன்களுக்கு உத்தரவு போட்டிருக்கு. அதனால எல்லாரையும் ஒரே புக்கிங்ல போடுங்க, அப்பாவுக்கு தனியா ஒஃபர்ல அம்மாவுக்கு தனியான்னு பிரிக்காதீங்க.

பெட்டி விஷயத்துலதான் நம்ம ஆளுங்க கூட காசு விடுறாங்க. போகும்போது தேயிலைப் பாக்கெட்டும் குளிர் உடுப்பும், வரும்போது வெள்ளாவி வேட்டி, பட்டுச் சேலை, மாமியார் குடுத்த மொளகாத்தூளு, இட்லிப் பானைன்னு ரெட்டிப்பா வரும். திரும்பி வர்ற டிக்கட்டுக்கு கிலோவ கூட வாங்கி வைங்க, ஒன்லைன்ல முன்னாடியே வாங்கினா குறைவு, கவுண்டர்ல கிலோவுக்கு இவ்வளவுன்னு கேட்டா மலைச்சுப் போயிடுவீங்க. கையில கொண்டு போறது அனேகமா ஏழு கிலோ. ஒரே பெட்டி 32 கிலோவத் தாண்டினா எந்த எயார்லைனும் எடுக்காது. சூடமும் தீப்பெட்டியும் பெட்டியில போடாதீங்க, கொப்பரையும் எண்ணெய்ப் பிடிப்பு உள்ளதால எடுத்து வெளிய வச்சுடுவாங்க, கோயில் சாமான அங்கயே வாங்கிக்கலாம்.

மாத்திக்கக்கூடிய டிக்கட்டா இல்லையான்னு பாக்கிறதும் மலையில இருக்கிறவங்களுக்கு ரொம்ப முக்கியம். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஹட்டன் பக்கம் மழை, வருஷக் கடைசியில நுவரெலியா பதுளைப் பக்கமும் மழை, மண்சரிவு வந்தா ரோட்ட மூடிடுவாங்க. 2025 நவம்பர்ல டித்வா புயல்ல மலைநாட்டு ரோடும் ரயில் பாதையும் எப்படி அறுந்து போச்சுன்னு பக்கத்து வீட்டுல கேட்டாலே சொல்லுவாங்க. பிளைட் சரியான நேரத்துக்கு கிளம்பி நீங்க கினிகத்தேனையில மாட்டிக்கிட்டா அது எயார்லைன் பொறுப்பு இல்ல. மலிவு டிக்கட்ட மாத்தப் போனா மாத்துற கட்டணமும் விலை வித்தியாசமும் சேந்து புது டிக்கட் அளவுக்கு வந்துடும். அந்த மாசங்கள்ல தேதி மாத்த விடுற டிக்கட்ட வாங்குங்க, பட்ஜெட் கம்பனியிலயும் கொஞ்சம் கூட குடுத்தா அந்த வகை டிக்கட் இருக்கு. மழை இல்லாட்டியும் ஏப்ரல்ல நுவரெலியா சீசன், ஆடி ஆவணியில கண்டிப் பெரஹெரா ஊர்வலம், டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் ஹட்டன் மஸ்கெலியாப் பக்கம் சிவனொளிபாதமலைக்குப் போற கூட்டம்னு ரோடு நெரிபடும், ரெண்டு மணித்தியாலம் கூட வச்சு கிளம்புங்க.

ஊருக்கு இல்லாம புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கோலாலம்பூர், பேங்காக், டுபாய்னு சுத்திப் பாக்கப் போறவங்க எயார்ஏசியா, ஃபிளைடுபாய் மாதிரி நேரா போறதப் பாக்கலாம், தப்பில்ல. ஆனா ரெண்டு மலிவு டிக்கட்ட தனித்தனியா வாங்கி நடுவுல நீங்களே இணைக்கிற வேலை மட்டும் குடும்பத்தோட வேணாம். மொத பிளைட் பிந்தினா ரெண்டாவது டிக்கட் போச்சு, யாரும் பொறுப்பெடுக்க மாட்டாங்க, பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போடணும். மாறித்தான் போகணும்னா ஒரே டிக்கட்டா பெரிய எயார்லைன்ல எடுங்க.

ஹட்டன்லயும் கண்டியிலயும் டிக்கட் ஏஜென்சி இருக்கு, அவங்ககிட்ட போட்டாலும் உங்க சொந்த போன் நம்பரையும் ஈமெயிலையும் குடுக்கச் சொல்லுங்க, நேரம் மாறினா மெசேஜ் அதுக்குத்தான் வரும். கிளம்ப முன்னாடி உங்க ரெசிடென்ஸ் விசா திரும்பி வர்ற தேதிக்கு அப்பாலயும் இருக்கான்னு பாருங்க, பாஸ்போட்ல ஆறு மாசம் இல்லாட்டி கண்டியில இருக்கிற இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்துல புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலைய வேணாம். அப்பா அம்மாவ இங்க கூட்டிட்டு வர்றீங்கன்னா வீல்செயார் வேணும்னு டிக்கட் போடும்போதே எழுதிடுங்க, அன்னைக்குப் போய் கேட்டா பட்ஜெட் கவுண்டர்ல ரொம்ப நேரம் நிக்க வச்சுடுவாங்க. வேன்காரருக்கு பிளைட் நம்பரையும் குடுத்து வைங்க, பிந்தினா அவரு வீட்டுலயே கொஞ்சம் தூங்கிட்டு வரலாம்.